‘மழை எறும்பு’ யாருக்குச் சொந்தம்? பதிவுக்கு முன் எங்கே தேடுவது

கேள்வி: வணக்கம் மேடம். ‘மழை எறும்பு’ என்ற பெயரில் குழந்தைகளுக்கு ஒரு படக்கதை எழுதி முடித்திருக்கிறேன். 24 பக்கம். கதை என்னுடையது. தெரிந்த பையன் ஒருவன் டேப்லெட்டில் படங்கள் வரைந்து கொடுத்தான், பணமும் அனுப்பிவிட்டேன். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்குள் காப்புரிமை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். முதலில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்காவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும் என்றார் நண்பர். தேடினேன். இதே தலைப்பில் 2017-இல் யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். தலைப்பை மாற்ற வேண்டுமா? கதையே கைவிட்டுப் போய்விடுமா? ஒரு ஏஜென்ட், பணம் கட்டினால் முழுத் தேடல் அறிக்கை தருகிறேன் என்கிறார். கட்டலாமா? இன்னொன்று, எறும்புப் படத்தைப் பள்ளிப் பைகளில் அச்சடித்து விற்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதில்: கதை எங்கும் போகவில்லை. தலைப்பையும் மாற்ற வேண்டாம். ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஆனால் நீங்கள் கவலையே இல்லாமல் ஒரு வரியில் தாண்டிப்போன விஷயம் ஒன்று இருக்கிறது: படம் வரைந்த பையன். 2017-இல் பதிவு செய்தவரைவிட உங்கள் விண்ணப்பத்துக்கு அவர்தான் முக்கியம். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு வார்த்தைச் சிக்கல். நீங்கள் வாங்க நினைப்பது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். காப்புரிமை என்பது பேட்டன்ட், புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரியது. உச்சரிப்பு நெருக்கமாக இருப்பதால் பாதிப் பேர் மாற்றித்தான் சொல்கிறார்கள். பேச்சில் மாறினால் பரவாயில்லை. ஆனால் உங்கள் நண்பரின் அறிவுரையே இந்தக் குழப்பத்தில் பிறந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பேட்டன்டுக்கு உலகில் எங்கும் முன்பு வெளிவராத புதுமை வேண்டும். அதனால் முன்தேடல் இல்லாமல் யாரும் காலை வைக்க மாட்டார்கள். டிரேட்மார்க்கில் முன்பே பதிவான பெயரோடு உங்கள் பெயர் ஒத்துப்போனால் ஆட்சேபம் வரும், அங்கேயும் தேடியே ஆக வேண்டும். பதிப்புரிமையின் கணக்கு வேறு. சட்டம் கேட்பது ‘நீயே எழுதினாயா, காப்பியடிக்காமல் எழுதினாயா’ என்பதை மட்டும்தான். இதுவரை யாரும் எழுதாததாக இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு பேர் எறும்புக் கதை எழுதினால் இருவருக்கும் தனித்தனியே உரிமை உண்டு.

அந்த உரிமையும் பதிவால் வருவதல்ல. நீங்கள் கதையை எழுதி முடித்த அன்றே வந்துவிட்டது. 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கை வழியாகப் பெரும்பாலான நாடுகள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பதிவில்லாமல் வழக்குப் போட முடியுமா என்பதில் நீதிமன்றங்களிடையே கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது உண்மை. 2021-இல் சஞ்சய் சோயா வழக்கில், பதிவு கட்டாயமில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் விரிவாகவே எழுதிவிட்டது.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கக் கட்டுரைகள்தான் வரும். அங்கே பதிவுத் தேடலுக்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது. 1964-க்கு முன் அங்கே வெளியான புத்தகங்களுக்கு 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும், தவறினால் உரிமை போய்விடும். ஆகவே ஒரு பழைய புத்தகம் பொதுச்சொத்தா இல்லையா என்று அறிய அங்கே பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். நம் நாட்டில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் எண்ணினால் போதும், புதுப்பிப்பு என்ற பேச்சே இல்லை.

சரி, அந்த 2017 பதிவுக்கு வருவோம். நம் பதிவேட்டில் தலைப்பு, ஆசிரியர், உரிமையாளர், பதிப்பாளர், ஆண்டு போன்ற விவரங்கள் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது இருக்காது. நீங்கள் கண்ட அந்தப் படைப்பு கவிதைத் தொகுப்பாக இருக்கலாம், நாடகமாக இருக்கலாம். உங்கள் கதைக்கும் அதற்கும் தலைப்பைத் தவிர வேறு ஒற்றுமை இருக்கிறதா என்று பதிவேடு ஒருபோதும் சொல்லாது. தலைப்புக்கோ தனியாகப் பதிப்புரிமை கிடையாது. ஓர் இந்திப் படத்தின் பெயர் தன் கதைச்சுருக்கத்துக்கு வைத்த பெயர்தான் என்று ஒருவர் புகார் கொடுத்து, அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தலைப்பு மட்டும் ஒரு ‘படைப்பு’ ஆகாது என்று 2015-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருவுக்கும் இதே கதிதான். 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று வந்த நாடக ஆசிரியரிடம், கருத்துக்கும் கதைக்கருவுக்கும் உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்றது உச்ச நீதிமன்றம். மழையில் வழிதவறிய எறும்பு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். உங்கள் எறும்பு பேசிய பேச்சு உங்களுக்கு மட்டும்தான்.

தேடியபோது என்ன எழுத்துக்கூட்டல் போட்டீர்கள் என்று எழுதவில்லை. தமிழ்த் தலைப்புகள் அங்கே பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கும். ‘மழை’யை ஒருவர் இசட்-எச் போட்டு எழுதுவார், ஒருவர் வெறும் எல், இன்னொருவர் வெறும் இசட். ‘எறும்பு’க்கு முன்னால் ஒய் சேர்ப்பவர்களும் உண்டு. ‘மலை எறும்பு’ என்று ஒரு புத்தகம் இருந்தால் அதுவும் நீங்கள் தேடும்போது வந்து நிற்கும். நீங்கள் கண்டது மழையா மலையா என்பதே எனக்குச் சந்தேகம். இதில் ‘முழுத் தேடல் அறிக்கை’ என்று ஒருவர் எதைக் காசுக்கு விற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வெளியான புத்தகங்களில் பெரும்பாலானவை இந்தப் பதிவேட்டுக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதில் இல்லை என்பதால் உலகில் இல்லை என்று ஆகாது, அதில் இருக்கிறது என்பதால் உங்களுக்குத் தடை என்றும் ஆகாது.

வாசகர் குழம்பக் கூடாது என்பதற்காக அதே பெயரில் வேறு சிறுவர் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால் அது நல்ல எண்ணம்தான். மற்றவர் புத்தகம் அந்தப் பெயரிலேயே பிரபலமாகியிருந்தால், அவர் பெயரை வைத்து விற்கிறீர்கள் என்ற வேறுவகை வழக்கு வர வாய்ப்பும் உண்டு. ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் நூலகப் பட்டியல். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் புத்தகம் வெளியான 30 நாட்களுக்குள் பிரதி அனுப்ப வேண்டிய நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று. அதன் பட்டியலையும் இணையப் புத்தகக் கடைகளையும் ஒரு மாலை நேரம் துழாவுங்கள், போதும்.

அப்படியானால் பதிவேட்டுத் தேடலே வீண் வேலையா? இல்லை. சரியான கேள்வியோடு போனால் அது உதவும். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி ஆசிரியர் என்னிடம் வந்தார். பத்து வருடமாக விற்றுக்கொண்டிருந்த தன் தேர்வு வழிகாட்டி நூலைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். தலைப்பில் தேடாமல் அவர் பெயரிலும் பதிப்பகத்தின் பெயரிலும் தேடினேன். பதிப்பகம் தன்னையே உரிமையாளராகக் காட்டி எப்போதோ பதிவு செய்திருந்தது. ஆசிரியருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் கையெழுத்துப் போட்டது பணம் பெற்ற ரசீதில் மட்டும்தான். உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ரசீது அதற்குப் போதாது. ஆனாலும் பதிவேட்டில் உள்ள விவரம் முதற்கண் சான்று என்று 48-ஆம் பிரிவு சொல்வதால், அது தவறு என்று நிரூபிக்க வேண்டிய சுமை இவர் தலையில் விழுந்தது. பதிவைத் திருத்த 50-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். நல்லவேளை, பதிப்பகம் அதற்குள் பேச்சுக்கு வந்துவிட்டது. பார்க்காமல் விண்ணப்பித்திருந்தால் ஒரே நூலுக்கு இரண்டு உரிமையாளர் பதிவுகள் ஏறி, பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருப்பார்கள்.

ஆகவே தேடுவதானால் ஆட்களின் பெயரில் தேடுங்கள்: உங்கள் பெயர், படம் வரைந்தவர் பெயர், கதையை முன்பு எங்காவது அனுப்பியிருந்தால் அந்த இதழ் அல்லது பதிப்பகத்தின் பெயர். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் புதிய விண்ணப்பங்களின் பட்டியலும் மாதவாரியாக ஏறுகிறது, அதையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய பதிவுகள் அனைத்தும் இணையத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தேவைப்பட்டால் 47-ஆம் பிரிவின்படி யாரும் பதிவேட்டைப் பார்வையிடலாம், கட்டணம் கட்டி நகலும் எடுக்கலாம். உங்கள் கதை இதுவரை உங்கள் மேசையை விட்டு நகரவில்லை என்றால் அரை மணி நேரத்தில் இந்த வேலை முடிந்துவிடும்.

இப்போது அந்தப் பையன். பணம் கொடுத்துவிட்டேன், எனவே படங்கள் எனக்குச் சொந்தம் என்று நினைக்கிறீர்கள். சட்டம் உங்களுக்குப் பாதி ஆதரவு தருகிறது. காசு கொடுத்து ஒருவரை வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. ஆனால் டேப்லெட்டில் வரைந்த 24 கேலிச்சித்திரப் படங்கள் அந்தப் பிரிவு சொல்லும் ‘ஓவியம்’ ஆகுமா? ஆகும் என்று நான் உங்களுக்காக வாதாடுவேன், ஆகாது என்று எதிர்த்தரப்பு வக்கீலும் நன்றாகவே வாதாடுவார். வாதாட இடம் இருக்கிறது என்பதே உங்களுக்கு நஷ்டம். ஒரு தாளில் முடிகிற விஷயத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

அதோடு, விண்ணப்பத்தில் விண்ணப்பதாரர் ஒருவரும் படைத்தவர் வேறொருவருமாக இருந்தால், படைத்தவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை அலுவலகம் கேட்கும். கதை, படம் இரண்டுக்கும் உங்கள் பெயரையே போட்டு அனுப்பிவிடலாம் என்ற யோசனை தோன்றும். செய்யாதீர்கள். வரைந்தவர் அவர்தான், படைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் வர வேண்டும்.

எனவே அவரோடு ஓர் உரிமை மாற்ற ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தப் படங்கள் (அட்டைப்படமும் சேர்த்து, முடிந்தால் சிறிய அச்சுப்பிரதிகளை ஒப்பந்தத்தோடு இணைத்து), என்னென்ன உரிமைகள் (புத்தகம், மின்னூல், மொழிபெயர்ப்பு, பொருட்களில் அச்சடித்தல்), எவ்வளவு தொகை கொடுத்தீர்கள், எத்தனை காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று எழுதுங்கள். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்றும் ஒரு விதி இருக்கிறது. இப்போது புத்தகத்தை மட்டும் போட்டுவிட்டு, பை வேலையை இரண்டு வருடம் கழித்துத் தொடங்கினால் சிக்கல். அந்த விதி பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமை முழுவதும் உங்களுக்கு வந்த பிறகும் ‘படங்கள்: இன்னார்’ என்று அவர் பெயர் புத்தகத்தில் வர வேண்டும். தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, விற்ற பின்னும் வரைந்தவரிடமே இருக்கும்.

‘பையன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வாயில் முப்பது வயதுக்காரரும் பையன்தான். ஆனாலும் கேட்டுவிடுகிறேன், 18 முடிந்தவர்தானே? முடியாவிட்டால் அவர் போடும் கையெழுத்து ஒப்பந்தமாகாது. அவருடைய அப்பாவையோ அம்மாவையோ வைத்து எப்படி எழுதுவது என்று உள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்துக் கேளுங்கள்.

அவரிடம் இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் தேடல் நடக்க வேண்டிய இடமே அதுதான். படங்களில் எதையாவது வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினாரா? டேப்லெட்டில் வரைபவர்கள் எறும்பைத் தாங்களே வரைவார்கள். பின்னால் நிற்கும் மரம், குடை, மேகம் எல்லாம் சில நேரம் இணையத்திலிருந்து இறங்கி வந்தவையாக இருக்கும். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம். உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் கேளுங்கள். சந்தேகம் வருகிற படத்தை வெட்டி, இணையத்தில் படத்தை வைத்துப் படம் தேடும் வசதியில் போட்டுப் பாருங்கள். அடுக்கடுக்காக வரைந்த மூலக் கோப்புகளையும் அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால், முதல் கிறுக்கலிலிருந்து முடிந்த படம் வரை தேதியோடு காட்டும் அந்தக் கோப்புகள் பெரிய பலம். அட்டையில் போட்ட தமிழ் எழுத்துருவை வணிக ரீதியாகப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பள்ளிப் பை. விண்ணப்பத்துக்கு முன் சட்டமே தேடச் சொல்கிற ஒரே இடம் இதுதான், வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேடல் நடப்பது பதிப்புரிமைப் பதிவேட்டில் அல்ல. சரக்குகளிலோ சேவைகளிலோ பயன்படுத்தும், அல்லது பயன்படுத்தக்கூடிய கலைப்படைப்பைப் பதிவு செய்யப் போனால், அதைப் போன்ற டிரேட்மார்க் வேறு யார் பெயரிலும் பதிவாகவில்லை, அதற்கான விண்ணப்பமும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவாளரிடம் சான்றிதழ் வாங்கி இணைக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இந்தச் சான்றிதழுக்கு டிஎம்-சி என்ற படிவம். அதன் கட்டணம் பதிப்புரிமைப் பதிவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், முதலில் இலவசமாக நீங்களே ஒரு சுற்றுத் தேடிவிடுவது நல்லது.

டிரேட்மார்க் இணையதளத்தின் பொதுத் தேடலில் பெயரை வைத்தும் தேடலாம், உருவத்தை வைத்தும் தேடலாம். அங்கே சரக்குகளை எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பைகள் 18-ஆம் வகுப்பு, புத்தகமும் நோட்டும் 16, பொம்மைகள் 28. உருவத் தேடலுக்கு வியன்னா குறியீடு என்ற எண் வேண்டும். அதில் 3 என்பது விலங்குகள், அதற்குள் 13-ஆவது பிரிவு பூச்சிகளும் சிலந்திகளும். அங்கே போய்ப் பாருங்கள். குடை பிடித்த எறும்பு ஏற்கனவே யாருக்காவது பை விற்றுக்கொண்டிருந்தால் அங்கேதான் தெரியும்.

அதனால் கதையையும் எறும்புப் படத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு படைப்புதான் என்பது விதியும்கூட. கதையை இலக்கியப் படைப்பாக விண்ணப்பிக்க 500 ரூபாய். அதற்கு டிரேட்மார்க் சான்றிதழ் எதுவும் வேண்டாம், வரைந்தவரின் கடிதத்துக்காகவும் அது காத்திருக்கத் தேவையில்லை, இந்த வாரமே அனுப்பலாம். பொருட்களில் போடும் எறும்புப் படத்துக்கு 2,000 ரூபாய், அத்துடன் மேலே சொன்ன சான்றிதழ். பை வியாபாரம் உண்மையிலேயே நடக்கப் போகிறது என்றால் எறும்பை டிரேட்மார்க்காகவே பதிவு செய்வதைப் பற்றியும் யோசிக்கலாம். பையின் மேல் உள்ள தோற்றம் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் வருமா என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டு, இயந்திரத்தில் 50-க்கு மேல் அச்சடித்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. உங்கள் படம் அதற்குள் வருமா என்பதைப் பையின் மாதிரியைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

விண்ணப்பம் படிவம் 14-இல், இணையம் வழியாகவே போடலாம். போட்டதும் டைரி எண் ஒன்று கிடைக்கும். பிறகு 30 நாள், யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று காத்திருப்பார்கள். உரிமையில் பங்கு கோரக்கூடியவர் யாராவது இருந்தால் அவருக்கு நீங்களே அறிவிப்பு அனுப்ப வேண்டும். 2017-இல் பதிவு செய்தவருக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம், உங்கள் கதையில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. ‘வெளியானதா, வெளியாகாததா’ என்ற கட்டத்தில் வெளியாகாதது என்று போடுங்கள், புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்கிறீர்களே.

பை கேட்டவரிடம் இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். வரைந்தவரின் கையெழுத்து வருவதற்கு முன் பை கேட்டவரிடம் முன்பணம் எதுவும் வாங்கிவிடாதீர்கள்.